வாகைகுளம் முதல் மீனம்பாக்கம் வரை: விமானத் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

தூத்துக்குடியிலிருந்து (அதன் விமான நிலையம் வாகைகுளத்தில் இருக்கிறது) சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று இணையத்தில் தேடினால், ஒரு மணி பத்து நிமிடம் என்று ஓரிடத்தில் போட்டிருக்கும். டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் வரும். போய்வந்த ஒருவரைக் கேட்டால், பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பி எழும்பூர் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று என்பார். மூன்று பதிலும் சரியானவைதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில் என்பதால் எண்கள் வேறுபடுகின்றன.

இந்த வேறுபாடு தெரியாமல் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். சென்னையில் பிற்பகல் இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு இருக்கும். 'விமானம் ஒரு மணி நேரம்தானே' என்று பன்னிரண்டரைக்கு வந்திறங்கும் விமானத்தில் டிக்கெட் போட்டுவிடுவார்கள். துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் எடுப்பதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும் என்று பதறிக்கொண்டு பதிவு செய்வார்கள். அந்த நேரத்தில் சரியான எண் எது என்று தெரிந்திருப்பது பெரிய உதவி. கணக்கும் கடினமானதல்ல, பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

முதலில் தூரம்

நமக்குப் பழக்கமான தூரம் சாலைத் தூரம் அல்லது ரயில் தூரம். திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூர் ரயில் பாதையில் 653 கிலோமீட்டர். சாலையில் ஏறக்குறைய 620. வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழித் தூரம் 528 கிலோமீட்டர்தான். விமான நிலையம் நெல்லைக்குக் கிழக்கே, தூத்துக்குடிப் பக்கம் தள்ளி இருப்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு சிறு காரணம். பெரிய காரணம் தண்டவாளம் போகும் வழி.

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நெல்லையில் புறப்படும் ரயில் கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திண்டுக்கல் என்று ஏறத்தாழ நேர் வடக்காகப் போகிறது. திண்டுக்கல்லுக்குப் பிறகுதான் திருச்சி, விழுப்புரம் என்று வடகிழக்கே திரும்புகிறது. சென்னையோ நமக்கு நேர் வடக்கில் இல்லை. வடகிழக்கில், கடலோரத்தில் இருக்கிறது. வாகைகுளத்தின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து, மறுமுனையை மீனம்பாக்கத்தில் வைத்துக் கோடு போட்டால் அது மதுரைக்கும் திருச்சிக்கும் போகவே போகாது. கமுதிக்கு மேலாகப் போய், புதுக்கோட்டையைத் தொட்டு, தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காவிரியைத் தாண்டி, நெய்வேலியை ஒட்டி, மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் கிழக்கே சென்னையை நெருங்கும். நெல்லைக்காரர்கள் சென்னை போகும் வழியில் ஒருநாளும் பார்த்திராத ஊர்கள் இவை. ரயில் முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைச் சுற்றிப் போகிறது. வான்வழித் தூரம் என்பது மூன்றாவது பக்கம்.

அந்த மூன்றாவது பக்கத்தை நாமே அளக்கலாம். தேவை இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும். கைப்பேசி வரைபடத்தில் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டும் தெரியும். வாகைகுளம் விமான நிலையம் வடக்கு 8.72 பாகை, கிழக்கு 78.03 பாகை. மீனம்பாக்கம் வடக்கு 12.99, கிழக்கு 80.18.

வடக்கே எவ்வளவு போகிறோம்? 12.99-இல் 8.72-ஐக் கழித்தால் 4.27 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பெருக்கினால் 474 கிலோமீட்டர்.

கிழக்கே எவ்வளவு? 80.18-இல் 78.03-ஐக் கழித்தால் 2.15 பாகை. இங்கே ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் அகன்று, துருவத்துக்குப் போகப் போக நெருங்கும். ஆகவே கிழக்கு மேற்கில் ஒரு பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். காஷ்மீரில் அது 92 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், தமிழ்நாட்டுக்கு 109 என்று வைத்துக்கொண்டால் பிழை மிகக் குறைவு. 2.15 பெருக்கல் 109, அதாவது 234 கிலோமீட்டர்.

இப்போது ஒரு பக்கம் 474, மறுபக்கம் 234 உள்ள செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. கர்ணம்தான் நம் தூரம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 529 வரும். உலகம் உருண்டை என்பதையும் சேர்த்துக் கணினி போடும் விடையோடு ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

வர்க்கமூலம் எடுக்கக் கருவி இல்லையென்றால், தமிழில் காலங்காலமாகச் சொல்லிவரும் வழி ஒன்று இருக்கிறது. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தோடு குட்டையான பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். 474-இல் எட்டில் ஒன்று ஏறக்குறைய 59. அதைத் தள்ளினால் 415. 234-இல் பாதி 117. கூட்டினால் 532. மனக்கணக்கிலேயே உண்மைக்கு நான்கு கிலோமீட்டர் அருகில் வந்துவிட்டோம்! எல்லா முக்கோணத்துக்கும் இது இவ்வளவு நெருங்கி வராது. ஆனாலும் இந்த வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இதை விட்டுவிடக் கூடாது என்பேன்.

இந்தத் தட்டைக் கணக்கு சில நூறு கிலோமீட்டர் வரைதான் செல்லுபடியாகும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு இதே முறையில் போட்டால் பிழை கூடும். பூமியின் வளைவு அங்கே கணக்கில் நுழைந்துவிடும்; உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழியைப் பெருவட்டம் என்பார்கள். உள்ளூர்ப் பயணத்துக்கு அது தேவையில்லை.

விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வது வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பார்க்க ஒழுங்கற்ற எண்ணாகத் தெரிந்தாலும் இது பூமியிலிருந்தே எடுத்த அளவு: அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு கலையின் நீளம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பலும் வாகைகுளத்தில் இறங்கும் விமானமும் ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன. நம் 528 கிலோமீட்டர் அவர்கள் கணக்கில் 285 கடல் மைல்.

இணையத்தில் சில கணக்கீட்டுப் பக்கங்கள் 'திருநெல்வேலி – சென்னை 555 கிலோமீட்டர்' என்று காட்டும். அது விமான நிலையத்தை விட்டுவிட்டு, ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தது. நெல்லை நகரத்தில் விமான நிலையம் இல்லை. விமானத் தூரம் வேண்டுமென்றால் எப்போதும் நிலையத்தின் பெயரைக் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

அடுத்தது நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. நாற்கரச் சாலையில் கார் ஓட்டுகிறவருக்கு அது ஏறக்குறையச் சரியாகவும் வரும். விமானத்தில் அப்படி வராததற்கு, அதன் முழு வேகம் பயணத்தின் நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது என்பதே காரணம்.

வாகைகுளத்துக்கு நெடுங்காலம் வந்துபோனது ஏடிஆர் 72 என்ற விமானம். 78 பேர் வரை அமரலாம். இறக்கை மேலே இருக்கும், இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும், பயணிகள் வால் பக்கத்துக் கதவு வழியாக ஏறுவார்கள். நடுவில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், தரையை விட்டு எழுந்ததும் சக்கரம் மடங்கி உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கலாம். இதன் பறக்கும் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சுமார். ஏர்பஸ் ஏ-320 போன்ற ஜெட் விமானத்துக்கு 800-க்கு மேல்.

இங்கே காற்றாடி சுழலும் இத்தகைய விமானங்கள் மட்டுமே வந்ததற்குக் காரணம் ஓடுபாதை. 1992-இல் நிலையம் தொடங்கியதிலிருந்து அதன் நீளம் 1,350 மீட்டர்தான். ஜெட் விமானம் இறங்க அது போதாது. ஓடுபாதையை 3,000 மீட்டராக நீட்டி, புதிய முனையத்தையும் கட்டி, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். இனி ஏ-321 அளவுள்ள விமானங்களும் இறங்கலாம். உடனே பலரும் கேட்டது, 'அப்படியென்றால் சென்னைக்குப் பாதி நேரத்தில் போய்விடலாமா?' என்பதுதான்.

போக முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், இந்தக் கட்டுரையில் விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கியமான இடம் இது.

விமானம் இறங்குவதற்கு விமானிகளிடம் ஓர் எளிய கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் தூரம் வேண்டும். ஜெட் விமானம் 36,000 அடியில் பறக்கிறது என்று வையுங்கள். இறங்க 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டர் தேவை. சென்னையில் இறங்க வேண்டிய விமானம் நெய்வேலிப் பக்கத்துக்கு வரும் முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு தூரம் ஆகும். 528-இல் ஏற இருநூறு, இறங்க இருநூறு போக மிச்சம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அந்த 130-இல் மட்டும்தான் ஜெட் தன் முழு வேகத்தில் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் அது தீர்ந்துபோகும். உண்மையில் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு அவ்வளவு உயரம் ஏறாமலே பல விமானங்கள் போய்விடும்.

ஏடிஆர் விமானமோ 25,000 அடிக்கு மேல் ஏறாது. இந்த மாதிரிக் குறும்பயணத்தில் இருபதாயிரத்துக்குக் கீழேயே பறக்கும். 18,000 அடியிலிருந்து இறங்க 54 கடல் மைல், நூறு கிலோமீட்டர் போதும். ஆகவே பயணத்தின் பெரும்பகுதியைத் தன் முழு வேகத்திலேயே ஓடித் தீர்க்கிறது. கடைசியில் ஜெட்டுக்கும் ஏடிஆருக்கும் வானத்தில் வித்தியாசம் கால் மணி, இருபது நிமிடத்தில்தான் நிற்கும். டெல்லி போகிறவருக்கு ஜெட்டின் வேகம் மணிக்கணக்கில் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். சென்னை போகிற நமக்குக் கொடுக்காது. பெரிய ஓடுபாதையால் கூடுதல் இருக்கைகளும், சென்னை வழியாகச் சுற்றாமல் தூர ஊர்களுக்கு நேராகப் போகும் வாய்ப்பும் வரும். அந்த வகையில் அது பெரிய நன்மைதான்.

இதையெல்லாம் சுருக்கி ஒரு வாய்ப்பாடாக வைத்துக்கொள்ளலாம். தூரத்தைப் பறக்கும் வேகத்தால் வகுத்து, அதோடு அரை மணி நேரம் சேருங்கள். அந்த அரை மணி, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும். 528-ஐ 800-ஆல் வகுத்தால் 40 நிமிடம். அரை மணி சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிடம். இணையக் கணக்கீடுகள் பெரும்பாலும் இப்படி ஒரு ஜெட்டை மனத்தில் வைத்துத்தான் போடுகின்றன. அதையே ஏடிஆரின் 500-ஆல் வகுத்தால் 63 நிமிடம்; அரை மணி சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் சொன்ன முதல் இரண்டு பதில்களும் இதோ வந்துவிட்டன.

டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரத்துக்கு முன்னால் வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து, போன இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் வரை. பறக்கும் நேரம் அதில் ஒரு பகுதி. வாகைகுளத்தில் நகர்ந்த விமானம் சீக்கிரமே ஓடுபாதைக்கு வந்துவிடும், கூட்டம் இல்லை. சென்னையில் அப்படியில்லை; புறப்பட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், இறங்கவும் வரிசை உண்டு. வானத்தில் வட்டமிட்டுக் காத்திருக்கச் சொன்னால் பத்து நிமிடம் போய்விடும். நிறுவனங்கள் இந்தத் தாமதங்களுக்கு இடம்விட்டே கால அட்டவணை போடுகின்றன. ஒன்றும் குறுக்கிடாத நாளில் விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து நிற்பது அதனால்தான்.

காற்று

நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு காற்றைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கயத்தாற்றிலும் பணகுடியிலும் முப்பந்தலிலும் நிற்கிற காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் விமானத்தின் போக்கையும் தீர்மானிக்கிறது.

விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்ப, இறங்க விரும்பும். எதிர்க்காற்று இறக்கைக்குத் தூக்கும் விசையைக் கூட்டும். குறைந்த ஓட்டத்தில் எழும்பலாம். வாகைகுளத்தின் ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் முனைகளில் பெரிதாக 10 என்றும் 28 என்றும் எழுதியிருப்பார்கள். பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை, 100-உம் 280-உம். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியே மேற்குக் காற்று வீசி வருகிறபோது விமானம் மேற்கு நோக்கி, அதாவது நெல்லையைப் பார்த்து எழும்பும். சென்னை இருப்பதோ பின்பக்கம், வடகிழக்கில். எழும்பிய பிறகு சுற்றித் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது கடலைப் பார்த்து எழும்பி இடப்பக்கம் சாய்ந்து திரும்பினால் போதும். சில நிமிட வித்தியாசம்தான், ஆனால் வித்தியாசம் உண்டு.

மேலே போனபின் காற்றின் கணக்கு வேறு. மணிக்கு 500 கிலோமீட்டரில் போகும் விமானத்துக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரையளவில் அது 450-இல்தான் நகரும். 528 கிலோமீட்டர் கடக்க 70 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 58 நிமிடம். பன்னிரண்டு நிமிட வேறுபாடு. ஜெட்டுக்கு இதே காற்றில் ஐந்து நிமிட வேறுபாடுதான் வரும். மெதுவாகப் போகும் விமானத்தைக் காற்று அதிகம் படுத்தும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று தரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உயரம் வரைதான். அதற்கு மேலே போகப் போகத் திசை தலைகீழாகிறது. பத்து கிலோமீட்டருக்கு மேல் பலமான கிழக்குக் காற்று. அதன் உச்ச வேகப் பகுதியை 1950-களில் உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆகவே ஆடி மாதத்தில் ஒரே நாளில், ஒரே வழியில் சென்னைக்குப் போகும் இரண்டு விமானங்களில், தாழப் பறக்கும் ஏடிஆரை மேற்குக் காற்று மெல்லப் பின்னாலிருந்து தள்ளும். உயரத்தில் பறக்கும் ஜெட்டுக்குக் கிழக்குக் காற்று எதிர்த்து நிற்கும்.

வீட்டுவாசல் முதல் வீட்டுவாசல் வரை

மூன்றாவது பதிலுக்கு வருவோம். பாளையங்கோட்டையிலிருந்து வாகைகுளம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்; தூத்துக்குடி நாற்கரச் சாலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் நிம்மதியாகப் போகலாம். வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கும் நாட்களில் ஒருபக்கமாக வண்டி விடுவார்கள், கூடுதலாகக் கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கொடுக்கும் கவுன்டரை விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம். எனவே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். விமானத்தில் ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, வெளியே வர அரை மணி. மெட்ரோ ரயில் பிடித்து எழும்பூர்ப் பக்கம் போய்ச் சேர முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம். இதில் பறக்கும் நேரம் கால்பங்குதான்.

2023 செப்டம்பரில் விடப்பட்ட வந்தே பாரத் ரயில் நெல்லைச் சந்திப்பிலிருந்து எழும்பூருக்கு எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. வீட்டிலிருந்து ஜங்ஷன் போகும் நேரத்தையும் சேர்த்தால் எட்டரை மணி. விமானத்தால் மிச்சமாவது மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணிக்கு டிக்கெட் விலை வித்தியாசத்தைக் கொடுக்கலாமா என்பது ஒவ்வொருவரின் தேவையைப் பொறுத்தது. துஷ்டி, மருத்துவ அவசரம் என்றால் கேள்வியே இல்லை. மறுநாள் காலையில் வேலை என்றால், இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்து விடியற்காலையில் எழும்பூரில் இறங்குகிறவர் பகல் பொழுதில் ஒரு மணி நேரத்தைக்கூட இழப்பதில்லை. என் கணக்கில் இன்றும் அதற்கு இணையான பயணம் கிடையாது.

மதுரையிலிருந்து ஏறினால் தூரம் குறைவாயிற்றே என்பார்கள். குறைவுதான்: மதுரை – சென்னை வான்வழித் தூரம் 417 கிலோமீட்டர். வானத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும். அதற்காக நெல்லையிலிருந்து மதுரைக்குச் சாலையில் 150 கிலோமீட்டர் போக வேண்டும். வாகைகுளத்தில் அன்றைக்கு இடம் இல்லை, அல்லது விலை மிகவும் கூடுதல் என்றால் மட்டுமே மதுரை.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஏறும்போது வேறொரு குழப்பம் வரும். டிக்கெட்டில் புறப்பாடு காலை 9 மணி, துபாய் வருகை 11.45 என்று இருந்தால் பயணம் இரண்டே முக்கால் மணி நேரம் என்று தோன்றும். துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. அதையும் சேர்த்தால் நாலே கால் மணி நேரம். திரும்பி வரும்போது இதே ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். பெங்களூர் விமான நிலையம் வடக்கு 13.20, கிழக்கு 77.71. வாகைகுளத்திலிருந்து வடக்கே 4.48 பாகை, அதாவது 497 கிலோமீட்டர். மேற்கே 0.32 பாகை, 35 கிலோமீட்டர். இங்கே எட்டில் ஒரு கூறைத் தள்ளும் வழி சரிப்படாது. ஒரு பக்கம் மற்றதைவிட மிகவும் குட்டையாக இருந்தால் விடை பெரிதும் குறைந்துபோகும். வர்க்கமூலமே போடுங்கள்: 498. பெங்களூர் நமக்கு நேர் வடக்கு; வானத்தில் சென்னையைவிட முப்பது கிலோமீட்டர் பக்கம். ஆனால் அந்த நிலையம் தேவனஹள்ளியில், ஊரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அந்த 35 கிலோமீட்டருக்குப் பெங்களூர்ப் போக்குவரத்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை எந்த வாய்ப்பாட்டிலும் அடக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.